திரும்பி வந்த லென்ஸ்: நடுவட்டத்தில் ஒரு பரிசோதனை

நம் உறுப்பினர் ஒருவரின் கடையில் மொத்த வியாபாரி ஒருவர் ஆறு லென்ஸ்களை இறக்கிவிட்டுப் போனார். மிர்ரர்லெஸ் கேமராவுக்கான 50 மி.மீ., எப் 1.2, கையால் போகஸ் செய்வது. பெரிய கம்பெனிச் சரக்கின் விலையில் சிறு பங்குதான். மூன்று விற்றன, ஒரே வாரத்தில் இரண்டு திரும்பி வந்துவிட்டன. "பட்டனை அழுத்தினால் படமே விழவில்லை" என்பது ஒருவரின் புகார். "படம் எல்லாம் மங்கல்" என்பது மற்றவர் புகார். சரக்கில் குறையா, விற்ற முறையில் குறையா என்று பார்க்க, திரும்பி வந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு நடுவட்டம் சென்றோம். ஊட்டி–கூடலூர் சாலையில் உள்ள இவ்வூரில் மூடுபனி இறங்கினால் பட்டப்பகலும் அந்திபோல் ஆகிவிடும். வெளிச்சத்துக்கு ஏங்கும் லென்ஸைச் சோதிக்க இதைவிட ஏற்ற இடம் ஏது?

முதல் புகார் அரை நிமிடத்தில் தீர்ந்தது. இவ்வகை லென்ஸில் கேமராவோடு பேசும் மின் தொடர்பு கிடையாது. அதனால் லென்ஸே மாட்டப்படவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் படம் எடு' என்ற அமைப்பை இயக்கிவிட்டால் போதும். உடலில் அதிர்வு தடுக்கும் வசதி உள்ள கேமராவானால், 50 என்ற எண்ணையும் நாமே பதிய வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லாமல் பெட்டியைக் கட்டிக் கொடுத்தால் சரக்கு திரும்பி வராமல் என்ன செய்யும்?

கையால் போகஸ் என்றாலே மட்டமான சரக்கு என்று எண்ண வேண்டாம். நிக்கான் 2019-ல் வெளியிட்ட 58 மி.மீ., எப் 0.95 லென்ஸும் கையால் போகஸ் செய்வதுதான். எடை 2 கிலோ, விலையோ லட்சக் கணக்கில். 2008-ல் பானசோனிக் ஜி1 வந்தது முதல் பரவிய மிர்ரர்லெஸ் கேமராக்களே இவற்றுக்கு மறுவாழ்வு தந்தன. கூர்மையான விளிம்பில் வண்ணக்கோடு காட்டுவதும், படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதும் அவற்றில் உண்டு.

இனி இரண்டாவது புகார். சிங்கோனாத் தோட்டம் போட்ட காலத்துக் கைதிகளை அடைத்த பழைய சிறைக்கூடம் நடுவட்டத்தில் இருக்கிறது. அதைப் போன்ற இருண்ட அறைதான் இந்த லென்ஸின் களம். எப் 2.8-ஐவிட 1.2-ல் ஐந்து மடங்குக்கு மேல் ஒளி வரும். அங்கே பதினைந்தில் ஒரு விநாடி கேட்கும் படம், இங்கே எண்பதில் ஒரு விநாடியில் முடியும். கை நடுக்கம் தெரியாது. ஆனால் இதற்கொரு விலை உண்டு. சிறிய சென்சார் கேமராவில் 1 மீட்டர் தூரத்தில் கூர்மை விழும் ஆழம் சுமார் 2 செ.மீ. மட்டுமே. சாலையோர டீக்கடைப் பெரியவரைப் படம் எடுத்தோம். கண் தெளிந்தால் காது கரைந்தது. அவர் டீ ஆற்றக் குனிந்ததும் கண்ணும் போயிற்று. பாதிக்கு மேல் வீண். 'மங்கல்' என்றவர் சொன்னது இதுதான். லென்ஸின் மேல் பழியில்லை.

மூடுபனியில் வேறொன்று கற்றோம். விளிம்புகளே பனியில் மங்கியிருப்பதால் வண்ணக்கோடு நம்ப முடியாமல் போகிறது. பெரிதாக்கிப் பார்ப்பதே வழி. வெள்ளை வானத்தின் எதிரே தேயிலைக் கொழுந்தின் ஓரத்தில் ஊதாக் கறை தெரிந்தது. 2.8-க்குக் குறைத்ததும் பெரும்பாலும் மறைந்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஊட்டியில் பிலிம் தயாரித்த காலத்து ஸ்டூடியோக்காரர்களுக்கு இதெல்லாம் பால பாடம். இன்றைய பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கொள்முதலின்போது ஒவ்வொரு லென்ஸையும் மாட்டி, செங்கல் சுவரை நேராக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிட மங்கினால் கண்ணாடி கோணலாக அமைந்திருக்கிறது, வாங்காதீர்கள். போகஸ் வளையம் எங்கும் சிக்கக் கூடாது. தூரத்து மலை கூர்மையாக விழுகிறதா என்பதும் முக்கியம். மாற்றித் தரும் கெடுவை வாய்ச்சொல்லாக விடாமல் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நம் மலை ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்தால் அது செத்த சரக்கு. தோல் உறையில் வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள்.

ஊர் திரும்பியதும் வாடிக்கையாளர் இருவரையும் கடைக்கு வரவழைத்து, பத்து நிமிடம் இயக்கிக் காட்டினோம். பட்டன் புகார்க்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துச் சென்றார். மற்றவர் கல்யாண போட்டோ எடுப்பவர். தாலி கட்டும் நேரத்தில் வளையம் திருப்பிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டார், நியாயம்தான். பணத்தைத் திருப்பித் தரச் சொன்னோம். கையிருப்பு இப்போது நான்கு.