பழைய பிக்கப்பில் ஆயில் ஒழுக்கு

காய்கறி ஏற்றும் பழைய பிக்கப் வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஆயில் சொட்டியிருந்தால், பலரும் அடியிலுள்ள சம்ப்பைக் கழற்றி பேக்கிங் மாற்றுகின்றனர். ஒழுக்கு நிற்பதில்லை. ஆயில் மேலே கசிந்து, வண்டி ஓடும்போது காற்றில் பின்னுக்கு ஒதுங்கி, அடியில் வந்து சொட்டுவதே காரணம்.

எஞ்சின் ஆறியபின் டீசல் தொட்ட பிரஷ்ஷால் அழுக்கைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துக் காயவிட்டு, சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் உள்ளதோ அங்கேதான் கசிவு. பெரும்பாலும் வால்வு கவர் பேக்கிங்காக இருக்கும், செலவு அதிகமில்லை. போல்ட்டை மட்டும் அளவுக்கு மீறி முறுக்கக் கூடாது. தகட்டு மூடி வளைந்து கசிவு கூடிவிடும்.

பின்பக்கக் கிராங்க் சீல் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதற்கு முன் பிரீதர் குழாயைப் பார்ப்பது அவசியம். அது அடைபட்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகவும் ஆயில் வெளியேறும். பிரீதர் சுத்தமாக இருந்தும் ஆயில் ஊற்றும் வாயில் புகை சீறினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும். அந்நிலையில் சீல் மாற்றுவது வீண் செலவே.

பழுது நீங்கும்வரை தினமும் காலையில் அளவுக்கம்பியைப் பார்த்துக் குறையும் ஆயிலை ஊற்றி வர வேண்டும். ஓட்டத்தில் ஆயில் விளக்கு எரிந்தால் சந்தைக்கு நேரமானாலும் உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். மேலும் ஓட்டினால் பேரிங் பிடித்துக் கிராங்க் ஷாஃப்ட்டே போய்விடும்.