பத்து நிமிடத்தில் எத்தனை குரல்?

மாதிரி ஐ.நா. அவையைப் பேச்சுப்போட்டியின் மறுபதிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் தூதராக அமர்ந்து தீர்மானம் எழுதிப் பழகும் பயிற்சி இது. பேச்சுப்போட்டியில் நடுவரைக் கவர்ந்தால் போதும். இங்கே எதிரில் அமர்ந்திருப்பவரின் வாக்கு வேண்டும். அதனால்தான் இங்கு மூன்று வகைப் பேச்சு. பேச்சாளர் பட்டியல்படி ஒவ்வொரு நாடும் தன் நிலையைப் பொதுவாகச் சொல்வது ஒன்று. இருக்கையை விட்டு எழுந்து, கூடிக்கூடிப் பேசித் தீர்மானம் எழுதும் 'அன்மாடரேட்டட் காக்கஸ்' இன்னொன்று. இவ்விரண்டுக்கும் நடுவில், இருக்கையை விட்டு நகராமல் ஒரே தலைப்பில் ஒவ்வொருவராகச் சுருக்கமாகப் பேசும் 'மாடரேட்டட் காக்கஸ்'தான் பலரும் வீணடிப்பது. அதைக் கோருகிறவர் தலைப்பு, மொத்த நேரம், ஒருவருக்கான நேரம் மூன்றையும் சொல்ல வேண்டும்; அவை பெரும்பான்மையால் ஏற்றால் நடக்கும்.

அதன் பலன் முழுக்க அந்த மூன்றில்தான் இருக்கிறது. 'நீர்ப் பிரச்சினை' என்று தலைப்பு வைத்தால் எல்லாரும் தண்ணீரின் அருமையைச் சொல்லி அமர்வார்கள், மறுக்க யாருமில்லை. 'பல நாடுகள் வழியே ஓடும் ஆற்றில் அணை கட்டுபவர் கீழேயுள்ள நாட்டுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள், அவை பிளந்துவிடும். இத்தகைய அறிவிப்பைக் கோரும் ஆற்றுநீர் ஒப்பந்தத்தை 1997-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றபோது 103 நாடுகள் ஆதரித்தன. துருக்கி, சீனா, புருண்டி மூன்றும் எதிர்த்தன. துருக்கியாக அமர்ந்திருக்கும் மாணவருக்கு இனி மழுப்ப இடமில்லை. நேரமும் அப்படித்தான். பத்து நிமிடத்தை அரை நிமிடமாகப் பகுத்தால் இருபது நாடுகளின் சாய்வு தெரியும். ஒன்றரை நிமிடமாக்கினால் ஆறே பேர்தான், ஆனால் ஒரு பிரிவின் வாசகத்தையே அலசலாம். முதல் நாள் காலையில் முன்னது, வரைவு கைக்கு வந்தபின் பின்னது என்பதே என் கட்சி.

உண்மையான ஐ.நா.வில் இப்படி ஒரு முறையே இல்லையே என்பார்கள். இல்லைதான். அங்கே தூதர்கள் மூடிய அறையில் வாரக்கணக்கில் வாசகங்களோடு மல்லுக்கட்ட முடிகிறது. மாணவர்களுக்குக் கிடைப்பதோ இரண்டு மூன்று நாள். பேரமெல்லாம் எழுந்து நடமாடும்போதுதானே படிகிறது, உட்கார்ந்து பேசுவது வெறும் சடங்கு என்பது இதைவிட வலுவான மறுப்பு. பேரம் அங்கேதான் படிகிறது, சரி. ஆனால் யாரிடம் போய்ப் பேரம் பேசுவது? முந்தைய பத்து நிமிடத்தில் தன்னோடு ஒத்துப்பேசிய நாடுகளைக் குறித்துவைத்தவர் நேரே அவர்களிடம் போவார். குறிக்காதவர் தன் பள்ளித் தோழர்கள் நிற்கும் மூலைக்குப் போவார்.