எதனால் கெட்டது என்று யார் காட்ட வேண்டும்?

விலை குறைந்த மாடல் காரை எடுத்துக்கொண்டு, மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, சென்ட்ரல் லாக், ஃபாக் லாம்ப், சீட் கவர் எல்லாவற்றையும் வெளிக்கடையில் மாட்டிக்கொள்வது நம் ஊரில் பரவலான வழக்கம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளின் பிழைப்பே இதை நம்பித்தான் இருக்கிறது. இதில் சட்டவிரோதம் ஏதும் இல்லை. சிக்கல் தொடங்குவது வாரண்டி முடிவதற்குள் வண்டி பழுதாகும்போது. ஏசி கம்ப்ரெசர் நின்றுபோகிறது, அல்லது பவர் ஸ்டீயரிங் வேலை செய்யவில்லை. சர்வீஸ் அட்வைசர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “வெளியில ஒயரிங் கட் பண்ணியிருக்கீங்க சார், வாரண்டி வராது” என்கிறார். பெரும்பாலோர் அத்துடன் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. வெளிப்பொருள் மாட்டப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. அதனால்தான் இந்தப் பாகம் கெட்டது என்பது மற்றொன்று. முதலாவது கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவதை யாரும் காட்டவில்லை, காட்டும்படி யாரும் கேட்கவும் இல்லை. வாரண்டியை மறுக்கும் உரிமை அந்த இரண்டாவது கூற்றில்தான் இருக்கிறது. அதைச் சொல்பவரே அதை நிறுவவும் வேண்டும்.

ஒரு பொருள் இன்னொரு பாகத்தைக் கெடுக்கிறது என்றால் அதற்கு ஒரு வழி இருந்தாக வேண்டும். ஹெட்லைட்டை எடுத்துக்கொள்ளலாம். பல கார்களில் வரும் ஹாலஜன் பல்பு ஹைபீமில் 60 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு பல்பும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போட்டால் அது கிட்டத்தட்ட 17 ஆம்பியராகிறது. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், அதே மெல்லிய கம்பியில் சூடு ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகும். கம்பியின் மேலுறை உருகலாம், ஹோல்டர் கருகலாம், ஸ்விட்ச் போகலாம். ரிலே வைத்துப் பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுக்காமல் இப்படிப் பல்பை மாற்றியவர், கருகிய ஒயரிங்குக்கு வாரண்டி கேட்பது நியாயமில்லை. ஆனால் அதே வண்டியில் கியர்பாக்ஸ் சத்தம் போட்டால், பல்புக்கும் கியருக்கும் என்ன வழி? சக்கரத்தைப் பெரிதாக்கினால் வீல் பேரிங்கும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் கூடுதல் சுமை வாங்கும். வைப்பர் மோட்டாருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. டேஷ்கேமராவுக்கு நிரந்தர இணைப்பு கொடுத்தால் நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி இறங்கலாம், ரேடியேட்டர் ஒழுகாது. ஒவ்வொரு பழுதையும் இப்படித் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். வண்டி முழுவதற்கும் ஒரே வரியில் வாரண்டி போய்விட்டது என்று சொல்வது, இந்த ஆராய்ச்சியைச் செய்யாமலே தீர்ப்பு எழுதுவதாகும்.

இது வாடிக்கையாளர் பக்கத்து ஆசை மட்டுமல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக ஓர் உத்தரவு பிறப்பித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் தங்கள் வலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் சந்தையைக் கட்டுப்படுத்தினார்கள் என்பது வழக்கு. சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அபராதத்தைவிட நமக்கு முக்கியமானது அந்த உத்தரவின் இன்னொரு பகுதி: வாடிக்கையாளர் வெளியில் பழுதுபார்க்கக் கொடுத்தார் என்பதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டும், சூழ்நிலை அதைத் தெளிவாக நியாயப்படுத்தினால் மட்டும் ரத்து செய்யலாம். அமெரிக்காவில் இந்தக் கொள்கைக்கு 1975ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டத்தின்படி, தன் பிராண்டு பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு, அந்தப் பொருளை இலவசமாகத் தராமல், வாரண்டியைக் கட்டிப்போட முடியாது. அங்குள்ள வர்த்தக ஆணையம் 2022இல் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் வாரண்டி நிபந்தனைகள் மீது நடவடிக்கை எடுத்ததற்கும் இதுதான் அடிப்படை. இந்தியப் போட்டி ஆணையத்தின் உத்தரவு வெளி மெக்கானிக்குகளைப் பற்றியது, அக்சசரிஸ் கடைகளைப் பற்றி நேரடியாகப் பேசவில்லை என்று ஒருவர் சொல்லலாம். அது சரியே. ஆனால் சேதம் எதனால், எவ்வளவு என்று பார்த்த பிறகே மறுக்க வேண்டும் என்ற அதன் தர்க்கத்தை மெக்கானிக்குக்கு ஒத்துக்கொண்டு, ஸ்பீக்கர் மாட்டியவருக்கு மறுக்க எந்தக் காரணமும் தெரியவில்லை.

நிறுவனத்தின் முதல் பதில், வாரண்டிப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது என்பதாகவே இருக்கும். ஒப்புதல் அல்லாத பொருள் மாட்டினால் வாரண்டி செல்லாது என்று அதில் எழுதியிருக்கலாம். வாங்கியவர் கையெழுத்தும் போட்டிருக்கலாம். ஒப்பந்தத்துக்கு மதிப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் புத்தகத்தின் ஒரு வரியையாவது பேரம் பேசி மாற்றும் வாய்ப்பு எந்த வாடிக்கையாளருக்கும் கிடையாது. இத்தகைய ஒப்பந்தங்களை மனத்தில் வைத்துத்தான் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற கருத்தைக் கொண்டுவந்தது. மீறலால் ஏற்பட்ட இழப்புக்குப் பொருந்தாத அளவு தண்டனை விதிப்பதும், நுகர்வோரைப் பாதகமான நிலைக்குத் தள்ளும் நியாயமற்ற நிபந்தனையும் அதில் அடங்கும். ஒரு ஃபாக் லாம்ப்புக்காக முழு வண்டியின் வாரண்டியையும் இழக்கச் செய்வது அந்த வரையறைக்குள் வருகிறது என்று உறுதியாக வாதாடலாம். ஒரு நடைமுறைத் தடை உண்டு: ஒப்பந்த விதியையே எதிர்க்கும் புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பெரும்பாலான சண்டைகளுக்கு அது தேவைப்படாது. விதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்திய விதம் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம்.

இரண்டாவது பதிலுக்குக் கனம் அதிகம். இன்றைய கார் பழைய அம்பாசடர் அல்ல. கட்டுப்பாட்டு யூனிட்டுகள் பொதுவான தகவல் கம்பிகள் வழியே பேசிக்கொள்கின்றன. ஓரிடத்தில் கம்பியை வெட்டி ஒட்டினால் கோளாறு எங்கோ தலைகாட்டும் என்கிறார்கள். இது உண்மை. சென்ட்ரல் லாக் கிட்டுக்காகக் கதவுக் கம்பியில் கைவைத்தால், பாடி கன்ட்ரோல் யூனிட் குழம்பிப்போக வாய்ப்புண்டு. ஆனால் இந்த வாதம் நிறுவனத்தின் பொறுப்பைக் குறைக்கவில்லை; அதை நிறைவேற்றும் வசதியைத்தான் கூட்டுகிறது. இப்படி இணைக்கப்பட்ட வண்டி தன் கோளாறுகளைக் குறித்தும் வைத்துக்கொள்கிறது. ஸ்கேனரை மாட்டினால் எந்தச் சுற்றில் என்ன பிழை என்ற குறியீடு வரும். பல பிழைகளுக்கு அது நேர்ந்த கணத்தில் இன்ஜின் வேகம், வெப்பநிலை போன்ற விவரங்களும் பதிவாகியிருக்கும். அந்த ஸ்கேனரும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் சர்வீஸ் சென்டரில் இருக்கிறார்கள், வாடிக்கையாளரிடம் இல்லை. கருவியைக் கையில் வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்தாமல், “எலக்ட்ரானிக்ஸ் சார், எதுவும் சொல்ல முடியாது” என்று சொல்வதை ஏற்க முடியாது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே ஷோரூம் அக்சசரிஸும் விற்கிறது. வெளிக்கடைப் பொருளால் கெட்டது என்று முடிவு சொல்பவருக்கு அந்த முடிவில் வியாபார லாபம் இருக்கிறது. எல்லா சர்வீஸ் அட்வைசரும் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் வாய்ச்சொல் மட்டுமே ஆதாரமாகிவிடக் கூடாது என்றுதான் அர்த்தம்.

நிறுவனம் சரியாக மறுக்கும் இடங்களும் உண்டு. இன்ஜின் மென்பொருளை மாற்றி எழுதித் திறனை ஏற்றியவர் டர்போவுக்கும் கிளட்சுக்கும் வாரண்டி கேட்க முடியாது. வெளியில் சிஎன்ஜி கிட் போட்ட வண்டியில் வால்வ் சீட் தேய்ந்தால் காரணத் தொடர்பு வெளிப்படையாகவே இருக்கிறது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டியில், அதற்கான திறப்பு இல்லாத கவரைப் போட்டால் ஏர்பேக் விரியாமல் போகலாம். இது வாரண்டியைத் தாண்டி உயிர் சம்பந்தப்பட்டது. முன்பக்கத்தில் இரும்பு பம்பர் கார்டு மாட்டுவதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடுக்கச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சட்டத்துக்குப் புறம்பான மாற்றத்தோடு ஆணையத்தின் முன் போய் நிற்பவரின் வழக்கு முதல் நாளே பலவீனமாகிவிடும்.

நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றி மிகையான நம்பிக்கையும் வேண்டாம். உற்பத்திக் குறை இருக்கிறது என்று புகார் செய்பவர்தான் அதை முதலில் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் ஆணையங்கள் கேட்கின்றன. பெரும்பாலும் நிபுணர் அறிக்கையையும் எதிர்பார்க்கின்றன. எனவே பொறுப்பு பிரிந்து நிற்கிறது. வாரண்டி காலத்துக்குள், ஒழுங்காக சர்வீஸ் செய்த வண்டியில், வாரண்டிக்கு உட்பட்ட பாகம் கெட்டது என்பதை வாடிக்கையாளர் காட்ட வேண்டும். விலக்கு விதி பொருந்துகிறது என்றால் அதை நிறுவனம் காட்ட வேண்டும். இன்சூரன்ஸ் வழக்குகளில் விலக்கு விதியை நிரூபிக்கும் பொறுப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரண்டிக்கும் அதே தர்க்கத்தை வைத்து வாதாட இடமுண்டு. நிபுணருக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டியதில்லை. சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது.

ஆகவே வழக்கின் பாதி வெற்றி சர்வீஸ் சென்டரின் மேசையிலேயே தீர்மானமாகிறது. வாய்வழி மறுப்பை ஏற்றுக்கொள்ளக் கூடாது. எந்தப் பாகம் கெட்டது, எந்த வெளிப்பொருள் அதைக் கெடுத்தது, எப்படி என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேட்க வேண்டும். ஜாப் கார்டிலோ மின்னஞ்சலிலோ வந்தால் போதும். ஸ்கேன் அறிக்கையின் நகல் வேண்டும். தர மறுத்தால் அந்த மறுப்பும் பயன்படும். தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதை 2019 சட்டம் சேவைக் குறைபாட்டுக்குள் சேர்த்திருக்கிறது. கம்பியை வெட்டாமல் கப்ளர் மூலம் மாட்டிய பொருள் என்றால் அந்த இணைப்பைப் படமெடுத்து வைக்க வேண்டும். அக்சசரிஸ் கடை பில்லும் சர்வீஸ் பில்களும் கூடவே இருக்கட்டும். டீலரோடு முடிந்துவிடாமல் தயாரிப்பு நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். வாரண்டி கொடுத்தவர் அவர்தான். அதிலும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கடுத்து மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருக்கும் வண்டிகள் அங்கே வரும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 50 லட்சம் வரை போனாலும் 1,000 ரூபாயைத் தாண்டாது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

வண்டி இல்லாமல் பிழைப்பு ஓடாதவர்கள் பணத்தைக் கட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் உரிமை போய்விடாது. ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று பில்லில் எழுதிக் கையெழுத்திட்டு நகல் வாங்கிக்கொள்ளலாம். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். புதிய பாகத்துக்குப் பணம் கொடுத்த பிறகு பழையது வாடிக்கையாளருடைய சொத்து. அது ஸ்கிராப்புக்குப் போய்விட்டால், பிறகு ஆணையம் உத்தரவிட்டாலும் ஆய்வகத்துக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சியிருக்காது.