டேர்போவில் எண்ணெய்: குற்றவாளி யார்?

ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் வாடிய முகத்துடன் என்னிடம் வந்தார். அவருடைய டீசல் வானின் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், உள்ளே படிந்திருந்த எண்ணெயைக் காட்டி, "டேர்போ முடிந்துவிட்டது, மாஸ்டர். புதிதுதான் போடவேண்டும்" என்று கூறிவிட்டாராம். மகளின் படிப்புக்கெனச் சேர்த்த பணத்தில் கைவைக்க வேண்டிய நிலை!

பணத்தை எடுக்குமுன், அனுபவமிக்க முதியவர் ஒருவரிடமும் காட்டும்படி சொன்னேன். அம்முதியவர் டேர்போவை உடனே தொடவில்லை; முதலில் காற்று வடிகட்டியை வெளியே எடுத்தார். அது புழுதியால் முற்றாக அடைபட்டிருந்தது.

புழுதிக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு?

எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் மிகுதியான காற்றைச் செலுத்துவதே டேர்போ. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூஹி 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கோரினார். மோட்டார்க் கார்களில் இது விற்பனைக்கு வந்தது 1962இல், அமெரிக்காவிலேயாகும்.

இந்த அச்சு நிமிடத்துக்கு 1,00,000 தடவைக்கு மேலும் சுழலவல்லது. மயிரிழையிலும் மெல்லிய எண்ணெய்ப் படலமே அதனைத் தாங்குகின்றது. எண்ணெய் வெளியேறாமல் காப்பவை பெரும்பாலும் சிறிய உலோக வளையங்கள். இருபுறத்துக் காற்றழுத்தமும் சரியாயிருக்கும்வரையே அவை தம் கடமையைச் செய்யும். வடிகட்டி அடைபட்டால் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து, எண்ணெய் அப்பக்கம் இழுக்கப்படுகின்றது. பௌதிகவியல் பயிலும் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும்.

எண்ணெய் திரும்பும் குழாய் அடைபட்டாலும், எஞ்சினின் அடிப்பாகத்தில் அழுத்தம் மிகுந்தாலும் இதே கசிவு தோன்றும். அன்றியும், எஞ்சினின் எண்ணெய் ஆவி காற்றுக் குழாயில் சேர்வதால், மெல்லிய ஈரப்படலம் நல்ல வண்டியிலும் காணப்படும். குழாயில் தேங்கி நிற்கும் எண்ணெயே ஆராயவேண்டியது.

உண்மையான தேய்வை அறிவது எவ்வாறு? எஞ்சினை நிறுத்தி, நன்கு ஆறவிட்டு, குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்க்கவேண்டும். அது உரசாமல் சுழலவேண்டும். முன்னும் பின்னும் தள்ளும்போது அசைவு புலப்படுவதே அரிதாயிருக்கவேண்டும். பக்கவாட்டில் சிற்றசைவு இயல்பே; ஆனால் இதழ்கள் சுவரைத் தொடலாகாது. இதழ்நுனி சிதைந்தோ, சுவரில் கீறல் விழுந்தோ இருந்தால் தேய்வு உறுதி. ஓடும்போது சங்கொலிபோல் ஊளையிடுவதும் ஓர் அறிகுறி. நீலப் புகையோ எண்ணெய் எரிவதைச் சொல்லுமேயன்றி, அது எங்கிருந்து வந்ததென்று சொல்லாது.

ஓர் எச்சரிக்கை. எண்ணெய் பெருகி டீசல் எஞ்சினுக்குள் புகுந்தால், திறப்பை நிறுத்திய பின்னும் எஞ்சின் அவ்வெண்ணெயையே எரித்துக் கட்டுக்கடங்காது ஓடக்கூடும். ஆகவே நீலப் புகை மிகுந்தால் வண்டியை ஓட்டாதிருப்பதே அறிவுடைமை.

டேர்போவின் ஆயுள் பெரும்பாலும் நம் கையிலேயே உள்ளது. எண்ணெயையும் வடிகட்டிகளையும் உரிய காலத்தில் மாற்றுக. நெடுமேடு ஏறி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தாது, ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிடுக. இன்றேல் சூட்டில் எண்ணெய் கருகிக் கரியாகும். புதிய டேர்போ பூட்ட நேர்ந்தாலும் எண்ணெய்க் குழாய்களைத் துப்புரவாக்கியே பூட்டுவிக்கவேண்டும். மூலகாரணம் நீங்காவிடின் புதியதும் பழையதன் வழியே போகும்.

நண்பரின் டேர்போவில் தேய்வு காணப்படவில்லை. வடிகட்டியை மாற்றி, குழாயைத் துடைத்து, 1,000 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் பார்த்தபோது மெல்லிய படலமே இருந்தது. மகளின் பணமும் வங்கியிலேயே இருக்கின்றது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? எண்ணெயைக் கண்டதும் விலையைக் கேளாது, அது வந்த வழியைக் கேட்போமாக.