எஞ்சின் சூட்டை அளக்கும் உணரி

அசோக் லேலண்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை நிற்கும் எண்ணூர் வட்டாரத்தில், துறைமுகத்தை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஊர்ந்து செல்லும்போது, எதிர்க்காற்று கிடைக்காததால், எஞ்சினின் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கடத்தும் திரவமான கூலன்ட் எளிதில் ஆறுவதில்லை.

அத்திரவத்தில் மூழ்கியிருக்கும் உணரிக்குள், சூடு ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர் என்னும் குறைகடத்தித் துண்டு உள்ளது. 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம் தடை காட்டும் வகை, 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்கிவிடும். இம்மாற்றத்தை மின்னழுத்தமாகப் படிக்கும் இசியு என்ற கட்டுப்பாட்டுக் கணினி, எரிபொருளின் அளவைத் திருத்தி, பல வண்டிகளில் மின்விசிறியையும் இயக்கி, வரம்பு மீறினால் எச்சரிக்கை விளக்கை ஏற்றுகிறது.

ஆயினும் ஓட்டுநர் முன் சூட்டைக் காட்டும் முள்ளை மட்டும் நம்புவது ஆபத்து. கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் இணைப்பு முனை துருப்பிடித்தால், கூடும் தடையைக் கணினி குளிர்ந்த எஞ்சின் என்று தவறாகக் கொள்ளும். அதைவிடக் கொடியது கூலன்ட் கசிவு: திரவம் வடிந்தபின் காற்றில் நிற்கும் உணரி உண்மையைவிடக் குறைந்த சூட்டைக் காட்டக்கூடும் என்பதால், ஓட்டுநர் அறியாமலே சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம்; எனவே, திரவ மட்டத்தைக் கண்காணிக்கும் தனி உணரி கனரக வண்டிகளுக்கு இன்றியமையாதது.