மிளகாயின் சிவப்பும் விளக்கின் ஈரமும்

நம் கடைகளில் பல, உள்ளே நீண்டு செல்பவை. பகலிலும் விளக்கு வேண்டும். வாடிக்கையாளர் வற்றல் மிளகாயை ஒரு கை அள்ளி, வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார். பல நேரங்களில் சரக்கில் குறையில்லை, விளக்கில்தான் குறை.

வெள்ளை எல்.இ.டி. விளக்கின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன்மேல் இட்ட மஞ்சள் ஒளிர்தூள் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஜப்பானின் நிச்சியா நிறுவனம் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்த முறை இது. இந்தக் கலவையில் சிவப்பு குறைவு. ஆகவே சிவப்பு ஒளிர்தூளையும் சேர்க்கிறார்கள்.

அதில் நைட்ரைடு வகை உறுதியானது. ஆனால் அதன் ஒளியில் ஒரு பகுதி கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத ஆழ்சிவப்பில் வீணாகிறது. மின்கட்டணம் நம்முடையது, வெளிச்சம் யாருக்கும் இல்லை! மற்றொன்று, பொட்டாசியம் சிலிக்கோஃபுளூரைடில் சிறிது மாங்கனீசு கலந்த தூள். ஏறத்தாழ 630 நானோமீட்டரில், கண் நன்றாக வாங்கிக்கொள்ளும் சிவப்பை மட்டும் தருகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இதை வளர்த்தெடுத்து 'டிரைகெய்ன்' என்று பெயரிட்டது. தொலைக்காட்சித் திரைகளிலும் இது உண்டு.

இதற்கு எதிரி ஈரம். மழைக்காலத்தில் வெல்லம் மேற்புறத்தில் கசிவதுபோல, இங்கும் கேடு மேற்பரப்பில்தான் தொடங்குகிறது. மாங்கனீசு நீராவியுடன் சேர்ந்து பழுப்பான மாங்கனீசு டையாக்சைடு ஆகிறது. அந்தப் பழுப்பு நீல ஒளியை விழுங்கிவிடும், சிவப்பு மங்கும். சில்லை மூடியுள்ள சிலிக்கோன் பசை நீர்த்துளியைத் தடுக்கும், ஆவியை முழுதும் தடுக்காது. சூடும் சேர்ந்தால் கேடு விரைவாகும்.

மாற்று வழிகள் இரண்டு. பருப்பில் வண்டு விழாமலிருக்க விளக்கெண்ணெய் புரட்டி வைக்கிறோம் அல்லவா? அதுபோல் ஒவ்வொரு துகளுக்கும் அலுமினா போன்றவற்றால் மேலுறை இடுவது ஒன்று. உறை தடித்தால் ஒளி குறையும், மெலிந்தால் ஈரம் புகும். இரண்டாவது வழியே நமக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது ஆக்சாலிக் அமிலம் கொண்டு, துகளின் மேற்பரப்பிலுள்ள மாங்கனீசை மட்டும் அகற்றிவிடுகிறார்கள். பழுப்பாக மாறுவதற்கு வெளிப்புறத்தில் ஒன்றும் இல்லாததால், உள்ளே இருப்பது பிழைக்கிறது. இப்படிப் பக்குவம் செய்த தூளை 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் பல நூறு மணி நேரம் வைத்துச் சோதிப்பது வழக்கம்.

நாம் கவனிக்க வேண்டியவை சில. பெட்டியில் சி.ஆர்.ஐ. 80 என்று மட்டும் இருந்தால் சிவப்புக்கு உறுதியில்லை. 90க்கு மேல் உள்ளதா, 'ஆர்9' என்ற சிவப்பு அளவு எவ்வளவு என்று கேளுங்கள். 80 உள்ள பல விளக்குகளில் ஆர்9 பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். கடலோர ஊர்க் கடைக்காரர்களும் நீர் தெளித்துக்கொண்டே இருக்கும் காய்கறி, பூக் கடைக்காரர்களும் ஈரப்பதச் சோதனை விவரத்தையும் கேட்பது நல்லது. காற்றோட்டமில்லாத மூடிய கூடுகளில் விளக்கைப் பொருத்தாதீர்கள்.

மொத்தமாக வாங்கினால் ஒரு விளக்கைப் பிரிக்காமல் உலர்ந்த இடத்தில் எடுத்து வையுங்கள். அடைமழை ஓய்ந்ததும் அதையும் எரிந்த விளக்கையும் ஒரே மிளகாய்க் குவியலின்மேல் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள். மங்கலுக்குப் பிளாஸ்டிக் மூடி பழுத்ததும் காரணமாகலாம். எதுவாயினும் வேறுபாடு தெரிந்தால் விற்றவரிடம் கேட்கலாம். அதுவரை பில்லும் உத்தரவாதச் சீட்டும் கல்லாப்பெட்டியிலேயே இருக்கட்டும்.