தேர்வும் தேர்தலும்: பிரித்தானியாவில் மக்கள் ஆதரவு குன்றிய தலைவர்கள் பிரதமராகும் முறை

ஆய்வுச் சுருக்கம்

நாடாளுமன்ற ஆட்சிமுறையில் பிரதமரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. பெரும்பான்மைக் கட்சியின் தலைவரே அப்பதவிக்கு வருகிறார். ஆகவே கட்சிகள் தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விதிமுறை, நாட்டின் ஆட்சித்தலைவரைத் தீர்மானிக்கும் விதிமுறையாகவும் ஆகிவிடுகிறது. மக்களிடையே செல்வாக்கற்றவர் இவ்வழியில் எவ்வாறு பிரதமராகிறார் என்பதைப் பிரித்தானியக் கன்சர்வேடிவ் கட்சியின் 1963 முதல் 2024 வரையிலான தலைமைத் தேர்வுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தேர்வோர் தவறிழைப்பதால் அன்று, அவர்கள் முன் வைக்கப்படும் வினா வேறாக இருப்பதாலேயே இத்தகைய முடிவுகள் நேர்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கட்சித் தலைமை, தேர்வோர் குழாம், கன்சர்வேடிவ் கட்சி, 1922 குழு, லிஸ் டிரஸ், நாடாளுமன்ற நம்பிக்கை.

முன்னுரை

2022 செப்டம்பர் 6 அன்று ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் இரண்டாம் எலிசபெத் அரசி, லிஸ் டிரஸ்ஸைப் பிரதமராக நியமித்தார். அதற்கு முந்தைய நாள் வெளியான கட்சித் தேர்தல் முடிவில் டிரஸ் 81,326 வாக்குகளும் ரிஷி சுனக் 60,399 வாக்குகளும் பெற்றிருந்தனர். வாக்களிக்கும் தகுதி பெற்ற கட்சி உறுப்பினர்கள் 1,72,437 பேர். 2019 பொதுத்தேர்தலின்போது நாட்டில் பதிவு பெற்ற வாக்காளர்கள் ஏறத்தாழ 4 கோடியே 76 இலட்சம் பேர். அதாவது, ஆயிரம் வாக்காளர்களுக்கு நான்கு பேர்கூட இல்லாத ஒரு குழாம் ஆட்சித்தலைவரை முடிவு செய்தது. 49 நாள்களில் அவர் பதவி விலகிச் சென்றார்.

இந்நிகழ்வைத் தனிமனிதர் ஒருவரின் தோல்வியாகக் கூறி முடித்துவிடுவது எளிது. பத்திரிகைகள் பெரும்பாலும் அதையே செய்தன. ஆனால் 1945 முதல் 2024 வரை ஈடன், மாக்மில்லன், டக்ளஸ்-ஹோம், காலகன், மேஜர், பிரவுன், மே, ஜான்சன், டிரஸ், சுனக் எனப் பதின்மர் பொதுத்தேர்தல் இன்றியே அப்பதவியில் முதன்முதலாக அமர்ந்தனர் என்பதை நோக்கினால், இது விதிவிலக்கன்று, வழக்கமான வழிகளுள் ஒன்று என்பது புலனாகும்.

தமிழில் 'தேர்தல்', 'தேர்வு' எனும் இரு சொற்களும் 'தேர்' என்னும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இன்றைய வழக்கிலோ முன்னது மக்கள் வாக்களிப்பதையும் பின்னது ஒரு குழுவினர் ஆராய்ந்து எடுப்பதையும் குறிக்கின்றன. இக்கட்டுரைக்கு இவ்வேறுபாடு பெரிதும் பயன்படுகிறது. தலைவரைத் தெரிவு செய்யும் உரிமை பெற்ற குழுவினர் இங்குத் 'தேர்வோர் குழாம்' எனப்படுகின்றனர்.

தேர்வோர் எதனைத் தேடுகின்றனர்?

பிரித்தானியத் தலைமைத் தேர்வுகளை ஆராய்ந்த லியோனார்ட் ஸ்டார்க், தேர்வோர் மூன்று அளவுகோல்களைக் கருத்தில் கொள்வதாகக் கூறினார். கட்சிக்குள் ஏற்புடைமை, தேர்தலில் வெல்லும் ஆற்றல், ஆளும் திறன் என்பன அவை. இவற்றின் வரிசையே முதன்மையானது. கட்சி பிளவுபட்டிருக்கும்போது முதல் அளவுகோல் மற்ற இரண்டையும் பின்னுக்குத் தள்ளிவிடும். மக்களுக்கு உவப்பானவர் யார் என்ற வினா இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது.

இதனோடு ஜான் மே 1973இல் முன்வைத்த கருத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். கட்சியின் உச்சியில் உள்ள தலைவர்களும் அடித்தளத்தில் உள்ள சாதாரண ஆதரவாளர்களும் மிதமான கொள்கையுடையோராக இருக்க, இடையில் நிற்கும் செயல்வீரர்கள் தீவிரக் கொள்கையுடையோராக இருப்பர் என்பது அவர் கூற்று. இது எல்லாக் கட்சிகளுக்கும் எல்லாக் காலத்திலும் பொருந்துவதாகப் பின்வந்த ஆய்வுகள் ஏற்கவில்லை. ஆயினும், தேர்வோர் குழாம் மாறினால் தேர்வாகும் ஆளும் மாறுவார் என்ற அளவில் அது இன்றும் பயனுடைய கருத்தே.

'மந்திர வட்டம்'

1965 வரை கன்சர்வேடிவ் கட்சியில் வாக்கெடுப்பே கிடையாது. மூத்த தலைவர்கள் கருத்தறிந்து ஒருவரை முன்மொழிவர். அரசர் அழைப்பு விடுப்பார். 1957இல் ஈடன் விலகியபோது சால்ஸ்பரி பிரபுவும் கில்முயிர் பிரபுவும் அமைச்சர்களை ஒவ்வொருவராக அழைத்து, பட்லரா மாக்மில்லனா என வினவினர். மாக்மில்லன் பிரதமரானார்.

1963 அக்டோபரில் மாக்மில்லன் மருத்துவமனையிலிருந்தபடியே பதவி விலகியபோது நடந்தது இன்னும் ஆராயத்தக்கது. பட்லர், ஹெயில்ஷாம், மாட்லிங் ஆகியோருக்குத் திட்டமான ஆதரவாளர்கள் இருந்தனர். அதே அளவுக்குத் திட்டமான எதிர்ப்பாளர்களும் இருந்தனர். பிரபுக்கள் அவையில் அமர்ந்திருந்த ஹோம் பிரபுவுக்கு எதிர்ப்பு குறைவு. இரண்டாம் விருப்பமாக அவரைப் பலர் ஏற்றனர். அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அவர் தம் பிரபுப் பட்டத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குள் நுழைய வேண்டியிருந்தது. இயன் மக்லியோடும் ஈனாக் பவலும் அவர் அமைச்சரவையில் சேர மறுத்தனர். மறு ஆண்டு ஜனவரியில் மக்லியோட் எழுதிய கட்டுரையில் இத்தேர்வு முறைக்கு இட்ட 'மந்திர வட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

குறைவான எதிர்ப்பு உடையவர், மிகுதியான ஆதரவு உடையவர் ஆகார். கட்சிக்குள் இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். வெளியில் வந்தவுடன் வேறுபாடு தெரிந்துவிடும். 1964 அக்டோபர் பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி நான்கே இடப் பெரும்பான்மையில் வென்றது. தோல்வி இவ்வளவு நெருக்கமாக இருந்ததால், வேறொரு தலைவர் இருந்திருந்தால் என்ற கேள்வி கட்சிக்குள் நெடுநாள் நீடித்தது. 1965இல் முதன்முறையாக நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்தனர்: ஹீத் 150, மாட்லிங் 133, பவல் 15.

இருபடித் தேர்வு

1965க்குப் பிந்தைய முறையில் தேர்வோரும் நம்பிக்கை அளிப்போரும் ஒருவரே. ஒரு தலைவர் மக்களிடம் செல்வாக்கிழந்தால், தம் தொகுதியை இழக்க நேரும் என அஞ்சும் உறுப்பினர்களே அவரை மாற்றிவிடுவர். 1990இல் தாட்சருக்கு அதுவே நேர்ந்தது. தலைவரி எனப்பட்ட உள்ளாட்சி வரியால் மக்கள் வெறுப்பு மிகுந்திருந்த வேளையில் அவர் 204 வாக்குகளும் ஹெசல்டைன் 152 வாக்குகளும் பெற்றனர். விதிப்படி வேண்டியிருந்த முன்னிலைக்கு நான்கு வாக்குகள் குறைந்தன. அவர் விலகினார். வந்தவர் ஹெசல்டைன் அல்லர். கட்சியின் எல்லாப் பிரிவினருக்கும் ஓரளவு ஏற்புடையவராயிருந்த ஜான் மேஜரே வந்தார். ஸ்டார்க் கூறும் வரிசை இங்கும் தவறவில்லை. ஆனால் 1992 தேர்தலில் மேஜர் வென்றார் என்பதையும் மறத்தலாகாது. ஏற்புடைமையை முதலில் வைத்துத் தேர்ந்தெடுப்பது எப்போதும் தோல்வியில் முடிவதில்லை.

1998இல் வில்லியம் ஹேக் தலைமையில் விதி மாறியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலசுற்று வாக்களிப்பால் இருவரைச் சுருக்கித் தருவர். அவ்விருவருள் ஒருவரை நாடெங்குமுள்ள கட்டணம் செலுத்தும் உறுப்பினர்கள் தேர்வர். கட்சிக்குள் மக்களாட்சியை விரிவாக்கும் சீர்திருத்தமாக இது வரவேற்கப்பட்டது. அதன் முதல் விளைச்சல் 2001இல் கிடைத்தது. உறுப்பினர்களின் இறுதிச் சுற்றில் கிளார்க் 59, இயன் டங்கன் ஸ்மித் 54, போர்ட்டிலோ 53. ஒரே வாக்கில் போர்ட்டிலோ வெளியேறினார். பொதுமக்களிடம் நன்கு அறிமுகமான கிளார்க், ஐரோப்பிய ஒன்றியத்தை ஆதரித்தவர்; கட்சி உறுப்பினர்களுக்கு அது பொறுக்கவில்லை. டங்கன் ஸ்மித் 1,55,933 வாக்குகளும் கிளார்க் 1,00,864 வாக்குகளும் பெற்றனர். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களின் ஆதரவோடு தொடங்கிய டங்கன் ஸ்மித்தை, 2003 அக்டோபரில் அதே உறுப்பினர்கள் 90க்கு 75 என்ற கணக்கில் நீக்கினர். அவர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்ததால் நாடு இவ்வெச்சரிக்கையைப் பெரிதாகக் கருதவில்லை. கட்சியும் கருதவில்லை, விதி அப்படியே நின்றது.

2022: ஒரு விரிவான நோக்கு

ஜான்சன் 2022 ஜூலை 7 அன்று விலகலை அறிவித்தபின் நடந்த சுற்றுகளின் எண்ணிக்கையை வரிசையாக நோக்கினால் இம்முறையின் இயல்பு விளங்கும். முதற்சுற்றில் 357 பேர் வாக்களித்தனர். சுனக் 88, மோர்டன்ட் 67, டிரஸ் 50. டிரஸ்ஸுக்குக் கிடைத்தது ஏழில் ஒரு பங்கு. அடுத்த மூன்று சுற்றுகளிலும் மோர்டன்டே இரண்டாமிடத்தில் இருந்தார்: 83, 82, 92. டிரஸ் 64, 71, 86 என மெல்ல ஏறினார். கட்சியின் வலதுசாரிப் பிரிவில் நின்ற பிரேவர்மனும் பின்னர் பேடனாக்கும் வெளியேற, அப்பிரிவின் வாக்குகள் அவர்பால் திரண்டன. ஜூலை 20 அன்று இறுதிச் சுற்றில் சுனக் 137, டிரஸ் 113, மோர்டன்ட் 105. எட்டு வாக்கு வேறுபாட்டில் மோர்டன்ட் நீங்கினார்.

உறுப்பினர்களுள் மூன்றில் இரு பங்கினருக்கும் மேற்பட்டோர் இறுதிவரை டிரஸ்ஸைத் தேரவில்லை. ஆயினும் இரண்டாமிடம் பிடித்தாலே போதும் என்பது விதி. அதன்பின் வினா மாறிவிடுகிறது. 'யாரால் அவையில் ஆட்சி நடத்த இயலும்' என்பது மறைந்து, 'நம் கொள்கைக்கு நெருக்கமானவர் யார்' என்பது முன்வருகிறது. வரியை உடனே குறைப்பேன் என்றார் டிரஸ். பணவீக்கம் தணியும்வரை அது இயலாது என்றார் சுனக். கட்சி உறுப்பினர்களின் சராசரி வயதும் வருவாயும் பொதுமக்களைவிடக் கூடுதல் என்பதும், வாழிடத்தால் அவர்களுள் தென் இங்கிலாந்தினர் மிகுதி என்பதும் டிம் பேல், பால் வெப், மோனிக்கா போலெட்டி ஆகியோரின் ஆய்வுகளால் அறியப்பட்டவை. அவர்கள் அறியாமையால் வாக்களித்தனர் எனல் பொருந்தாது. தமக்கு விருப்பமானதைச் சொன்னவருக்கு வாக்களித்தனர். ஜான்சனுக்கு எதிராக ஜூலையில் பதவி விலகிய சுனக்கின் மீதான சினமும் இதில் கலந்திருந்தது.

பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்டெங் ஏறத்தாழ 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார். அரசுக் கடன் பத்திரங்களின் விலை சரிந்தது. ஓய்வூதிய நிதியங்கள் நெருக்கடிக்குள்ளாயின. செப்டம்பர் 28 அன்று இங்கிலாந்து வங்கி 6,500 கோடி பவுண்டு வரை பத்திரங்களை வாங்க முன்வந்தது. அக்டோபர் 14 அன்று குவார்டெங் நீக்கப்பட்டார். அக்டோபர் 20 அன்று டிரஸ் விலகலை அறிவித்தார். சில வாரங்களுக்கு முன் கட்சி உறுப்பினர்களின் கைதட்டலைப் பெற்ற திட்டமே, நாட்டு மக்களின் வீட்டுக்கடன் வட்டியை உயர்த்தும் காரணமாகியது. கட்சியின் வினாவும் நாட்டின் வினாவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கு ஒரு முரண் உண்டு. வழக்கமாகிவிட்ட அரசியலமைப்பு மரபின்படி, மக்களவையின் நம்பிக்கையைப் பெறத்தக்கவரே பிரதமர். நம்பிக்கை அளிப்போர் நாடாளுமன்ற உறுப்பினர்கள். தலைவரைத் தருவோரோ கட்சி உறுப்பினர்கள். தொழிற்கட்சியில் இம்முரண் 2016இல் வெளிப்பட்டது. 172 உறுப்பினர்கள் எதிராகவும் 40 பேர் ஆதரவாகவும் வாக்களித்தபோதும் ஜெரமி கோர்பின் விலகவில்லை. கட்சி உறுப்பினர்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். எதிர்க்கட்சியில் இது தேக்கநிலை. ஆளுங்கட்சியில் நேர்ந்தால் ஆட்சியே நிலைகுலையும்.

கதவை அடைத்தல்

2022 அக்டோபரில் 1922 குழு, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் 100 உறுப்பினர்களின் முன்மொழிவு வேண்டும் என விதித்தது. 357 பேர் கொண்ட குழுவில் மூவருக்குமேல் நிற்க இயலாது. ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார். மோர்டன்டும் விலக, அக்டோபர் 24 அன்று சுனக் போட்டியின்றித் தலைவரானார். ஏழு வாரங்களுக்கு முன் கட்சி உறுப்பினர்கள் நிராகரித்த ஒருவர், அவர்களைக் கேளாமலே பிரதமரானார். நிதிச் சந்தை அமைதியடைந்தது. மக்கள் செல்வாக்கு மட்டும் திரும்பவில்லை. 2024 ஜூலைத் தேர்தலில் கட்சி 121 இடங்களாகச் சுருங்கியது. எனவே தேர்வுரிமையை உறுப்பினர்களிடமே திருப்பித் தந்தால் போதும் என்று வாதிடுவோரும் இந்த எண்ணிக்கைக்கு விடை கூற வேண்டும்.

குழாத்தைச் சுருக்குவது தீர்வாகாது என்பதற்கு ஜப்பானும் சான்று. 2000 ஏப்ரலில் ஒபுச்சி பக்கவாதத்தால் வீழ்ந்தபோது லிபரல் டெமாக்ரடிக் கட்சியின் ஐந்து மூத்தவர்கள் ஒரு விடுதி அறையில் கூடி மோரி யோஷிரோவை முடிவு செய்தனர். அவருக்கான மக்கள் ஆதரவு பத்து விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. மறு ஆண்டு மாகாணக் கிளைகளுக்குக் கூடுதல் வாக்கு தரப்பட்டது. 141 கிளை வாக்குகளில் 123 பெற்ற கொய்சுமி, கட்சியின் வலிமை மிக்க குழுத்தலைவர்களை வீழ்த்திப் பிரதமரானார். அவர் மக்களிடம் பெருஞ்செல்வாக்குடன் ஐந்தாண்டு ஆண்டார். பிரித்தானியாவில் விரிந்த குழாம் தந்த தீங்கும் ஜப்பானில் அது தந்த நன்மையும் அருகருகே வைத்து ஆராயத்தக்கவை. ஜப்பானியக் கிளைகள் மக்கள் மனநிலையோடு அன்று ஒத்திருந்தன. 2022இன் கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் ஒத்திருக்கவில்லை. குழாத்தின் அளவைக் காட்டிலும் அது நாட்டு மக்களோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே விளைவை நிர்ணயிப்பதாகத் தோன்றுகிறது.

கன்சர்வேடிவ் கட்சியின் இருபடி விதி 2024இலும் தொடர்ந்தது. அக்டோபர் 8 அன்று ஜேம்ஸ் கிளவர்லி 39 வாக்குகளுடன் முதலிடத்தில் இருந்தார். ஜென்ரிக் 31, பேடனாக் 30. மறுநாள் பேடனாக் 42, ஜென்ரிக் 41, கிளவர்லி 37. எதிரியாக யார் வருவது நல்லது எனக் கணக்கிட்டுக் கிளவர்லியின் ஆதரவாளர்கள் சிலரே வாக்குகளைப் பிரித்தளித்ததாக அன்று பலரும் கருதினர். முதல்நாள் முன்னிலை பெற்றவர் மறுநாள் போட்டியிலேயே இல்லை. கட்சி உறுப்பினர்களின் கைக்குப் பேடனாக், ஜென்ரிக் என்னும் இரு பெயர்களே சென்றன.